வேகம் கூட்டினால் மட்டும் சூடேறும் உள்ளிணைப்பு எஞ்சின்: உதவி தேவை

கேள்வி

திருகோணமலைக் கொட்பேயிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போகும் எங்கள் 28 அடிப் படகில் நான்கு சிலிண்டர் டீசல் உள்ளிணைப்பு (படகின் உள்ளே பூட்டும்) எஞ்சின் பூட்டியிருக்கிறோம். வாடைக்காலம் முழுவதும் படகு கட்டியே கிடந்தது. மாசியில் முதற்தடவை ஓடியபோது, மெதுவாகப் போகும்வரை வெப்பமானி 80 பாகையில் நின்றது. துறைமுக வாயைத் தாண்டி நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் கூட்டியதும் பத்து நிமிடத்துக்குள் 98 பாகைக்கு ஏறிவிட்டது. வேகத்தைக் குறைத்தால் இறங்கிவிடுகிறது.

கடல்நீர்ப் பம்பியைக் கழற்றிப் பார்த்தபோது நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரின் ஆறு இறப்பர் இதழ்களில் இரண்டு முறிந்து போயிருந்தன. புதிய இம்பெல்லர் போட்டும் குறை மாறவில்லை. எஞ்சினுக்குள் சுற்றி அதைக் குளிராக்கும் நன்னீரின் தொட்டி நிறைந்தே இருக்கிறது. சூட்டுக்கேற்ப அந்த நன்னீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓடும்படி ஒருவர் சொல்கிறார். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு கரை தெரியாத தூரத்துக்குப் போகிறவன் என்பதால் துணிய மனமில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

முதலாவது பதில்

தம்பி, தெர்மோஸ்டாட்டில் கை வைக்க வேண்டாம். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே பக்கவழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் நன்னீரில் ஒரு பகுதி குளிராமலே திரும்பவும் எஞ்சினுக்குள் போய், சூடு இன்னும் கூடலாம். சந்தேகமென்றால் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். அதன் மேல் குறித்துள்ள பாகையில் திறக்கத் தொடங்கினால் நல்லது.

நான் கேட்பது வேறு: முறிந்த அந்த இரண்டு இதழ்களும் எங்கே போயின? பம்பிக்குள் இல்லையென்றால், நீரோட்டம் அவற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போய், எண்ணெய்க் குளிராக்கியின் வாயிலோ கடல்நீரால் நன்னீரைக் குளிராக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் சிறு குழாய்களின் முகப்பிலோ செருகியிருக்கும். மெதுவாக ஓடும்போது எஞ்சின் உண்டாக்கும் சூடு குறைவு என்பதால் மிஞ்சிய வழி போதும்; சுமை ஏறியதும் போதாது. எஞ்சின் ஆறிய பிறகே மூடிகளைத் திறவுங்கள். சூட்டோடு நன்னீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் பீறிடும். அந்தத் தழும்புள்ள கைகளை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது பதில்

அண்ணன் சொன்னதோடு உறிஞ்சும் பக்கத்தையும் பாருங்கள். மாதக்கணக்கில் கட்டிக் கிடந்த படகு என்றால் கடல்நீர் உள்ளே வரும் அடித்தளத்து வால்வின் வாயில் சிப்பி வளர்ந்திருக்கும். சல்லடைப் பெட்டி மூடியின் இறப்பர் வளையம் காய்ந்திருந்தால், பம்பி நீரோடு காற்றையும் இழுக்கும். பழைய குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், வேகம் கூடும்போது உட்சுவர் ஒட்டிக்கொள்வதுண்டு. புகைக்குழாயால் வெளியேறும் நீரை 10 லீற்றர் வாளியில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி எடுக்கிறதென்று திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே சுற்றில் அளந்து வையுங்கள்.

கேட்டவர், நான்கு நாட்களின் பின்

இருவருக்கும் மிக்க நன்றி. 1,500 சுற்றில் வாளி நிரம்ப 31 விநாடி எடுத்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முன்மூடியைத் திறந்தபோது, ஓர் இதழ் முழுதாகக் குழாய்களின் மேல் அப்பிக் கிடந்தது. மற்றையது எண்ணெய்க் குளிராக்கியின் வாயில் துண்டுகளாக இருந்தது. குழாய்களில் வெண்படிவும் இருந்ததால், மெல்லிய மரக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் கழுவினேன். மற்ற உலோகங்கள் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகக் கோல் கட்டையாகியிருந்ததால், அதையும் மாற்றினேன். வால்வின் வாயில் சிப்பி இருந்தது உண்மை, ஆனால் சிறிதளவே. இப்போது அதே சுற்றில் 14 விநாடியில் வாளி நிரம்புகிறது. நேற்றுக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்து மூதூர்ப் பக்கம்வரை 2,200 சுற்றில் ஓடிப் பார்த்தோம். முள் 82 பாகையைத் தாண்டவில்லை.

முதலாவது பதில் தந்தவர்

மகிழ்ச்சி தம்பி. துண்டுகளை ஒன்றாக அடுக்கி, இரண்டு இதழ்களும் முழுமையாக வந்துவிட்டனவா என்று பார்த்தீர்களா? குறைந்தால், புகைக்குழாய் முழங்கையில் நீர் கலக்கும் இடத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.