டெபியன் 13-இல் நிறுவ முடிகிறது, ஓட்ட முடியவில்லை: பைத்தான் பேக்கேஜ் சந்தேகம்

கேள்வி: ஒரு சின்னப் பைத்தான் நிரலை டெப் பேக்கேஜாக (டெபியன் லினக்ஸில் நிறுவும் கோப்பாக) கட்டினேன். கட்டியது டெபியன் 12-இல், அங்கே பைத்தான் 3.11. அதே டெப் கோப்பை டெபியன் 13-இல் (பைத்தான் 3.13) போட்டால் ஏப்ட் (நிறுவும் கருவி) ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுவிவிடுகிறது. ஓட்டினால் மாட்யூல் (நிரலின் ஒரு பகுதிக் கோப்பு) கிடைக்கவில்லை என்கிறது. மற்ற மாட்யூல்கள் எல்லாம் ஏறுகின்றன, சி-யில் எழுதிய ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது. கோப்போ, பைத்தான் மாட்யூல்களை வைக்கும் டிஸ்ட்-பேக்கேஜஸ் அடைவில் கண்ணெதிரே இருக்கிறது!

பதில்: அதன் முழுப் பெயரைப் பாருங்கள், நடுவில் சிபைத்தான்-311 என்று இருக்கும், அதாவது பைத்தான் 3.11-க்கானது. 3.13 அந்தப் பெயரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டெபியனில் எல்லா 3.x பதிப்புகளுக்கும் டிஸ்ட்-பேக்கேஜஸ் பொது. அதனால்தான் சாதாரணப் பைத்தான் கோப்புகள் இரண்டிலும் ஓடுகின்றன.

இன்னொருவர்: பெயரில் 311-ஐ 313 ஆக்கிப் பாருங்களேன்.

கேட்டவர்: ஆக்கினேன். இப்போது ஏறும்போதே செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவகப் பிழை) வந்து நிரல் நின்றுவிடுகிறது :(

பதில்: அந்த வழி வேண்டாம். பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது 3.11-க்குக் கம்பைல் ஆன (இயந்திர மொழிக்கு மாற்றிய) பைனரிதான். பேக்கேஜின் விவரங்கள் உள்ள கன்ட்ரோல் கோப்பில், வேறு எந்தப் பேக்கேஜ்கள் தேவை என்று சொல்லும் டிபென்ட்ஸ் வரி எப்படி இருக்கிறது?

கேட்டவர்: பைத்தான்3 என்று மட்டும் கையால் எழுதியிருக்கிறேன்.

பதில்: அங்கேதான் கோளாறு. பதிப்பு எல்லை இல்லாததால் ஏப்ட்டுக்குத் தடுக்கக் காரணம் இல்லை. அந்த இடத்தில், கட்டும்போது தானே நிரம்பும் பைத்தான்3 டிபென்ட்ஸ் மாறியை வையுங்கள். கட்டும்போது ஓடும் டிஎச்_பைத்தான்3 கருவி, சி எக்ஸ்டென்ஷனை (சி-யில் எழுதிய மாட்யூலை) கண்டதும் பைத்தான் பதிப்புக்குக் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் தானே போட்டுவிடும். அப்புறம் ஒவ்வொரு டெபியன் பதிப்புக்கும் அதனதன் சிஹெச்ரூட்டுக்குள் (அந்தப் பதிப்பை மட்டும் பிரித்து வைத்த சூழலுக்குள்) தனியாகக் கட்டுங்கள்.

ஒரே பைனரிதான் வேண்டுமென்றால் சி நிரலை லிமிடெட் ஏபிஐ-க்குள் (பதிப்பு மாறினாலும் மாறாத பைத்தான் செயற்கூறுகளுக்குள்) அடக்கி எழுத வேண்டும். 3.11-ஐ அடிப்படையாக வைத்துக் கம்பைல் செய்தால் அதற்கு மேற்பட்ட 3.x பதிப்புகளிலும் ஏறும். ஆனால் பழைய நிரலை அப்படி மாற்றுவது சில நேரம் பெரிய வேலை.

இன்னொன்று: இது பிறர் இம்போர்ட் செய்யும் நூலகம் இல்லை, ஓட்டும் நிரல். இதன் மாட்யூல்கள் டிஸ்ட்-பேக்கேஜஸுக்குள் ஏன் போக வேண்டும்? யூஎஸ்ஆர்/லிப்-இல் சொந்த அடைவு போதும். நிரலின் முதல் வரியில் என்வ் (பைத்தானைத் தேடிப் பிடிக்கும் கட்டளை) இருந்தால் அதையும் எடுத்துவிட்டு நேராக யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் யாராவது விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் (தனிப் பைத்தான் சூழலுக்குள்) இருந்து ஓட்டும்போது வேறு பைத்தான் மாட்டிக்கொள்ளும்.

கேட்டவர்: 13-இல் கட்டும்போது டிஸ்ட்யூடில்ஸ் (பைத்தானோடு வந்த பழைய கட்டும் கருவி) இல்லை என்று நின்றது. 3.12-இலேயே அதை நீக்கிவிட்டார்களாம். செட்டப் கோப்பை அதற்கு மாற்றான செட்டப்டூல்ஸுக்கு மாற்றியதும் கட்டி முடிந்தது, நிரலும் ஓடுகிறது. மாறியை வைத்து 12-இல் மறுபடி கட்டியதை 13-இல் போட்டுப் பார்த்தேன். இந்த முறை ஏப்ட் நிறுவ மறுத்துவிட்டது. சொந்த அடைவுக்கு மாற்றுவது இன்னும் பாக்கி.