என்எஃப்எல் எம்விபி கணிப்பு: கொஞ்சம் வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-லோட சீசன் முடிவு விருதுக் கணிப்புக்குத் தாளும் பென்சிலுமா உட்கார்ந்திருக்கேன். எம்விபி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) கட்டத்தில் மட்டும் பேரை எழுதி எழுதி அழிச்சுட்டே இருக்கேன்.

2024 சீசனில் ஆல்-ப்ரோ (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியல்) முதல் அணி குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு தாக்குதலை நடத்தறவர்) லாமர் ஜாக்சன். ஆனா எம்விபி ஜாஷ் ஆலனுக்குப் போச்சு. முதலிட வாக்கு 27-க்கு 23. இந்த இரண்டு தேர்வுக்கும் வாக்களிச்சது அதே 50 பேர்! பந்தோட 2,005 யார்டு ஓடின ரன்னிங் பேக் (பந்தை எடுத்துட்டு ஓடறவர்) சேக்வான் பார்க்லிக்கும் எம்விபி இல்லை. 2012-ல் இன்னொரு ரன்னிங் பேக் ஏட்ரியன் பீட்டர்சன் வாங்கினதோட சரி, அப்புறம் எல்லாமே குவார்ட்டர்பேக்தான்.

பிளேஆஃபுக்கு (நாக்-அவுட் சுற்றுக்கு) முன்னாடியே வாக்கு முடிஞ்சிடும், அது தெரியும். ஆட்டக்காரரோட புள்ளிவிவரம், அணியோட வெற்றிக் கணக்கு, டிசம்பர் மாத ஆட்டம்... இதில் எதுக்கு அதிக எடை கொடுக்கறீங்க? அனுபவப்பட்டவங்க காரணத்தோட சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.