சூடான எஞ்சினில் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும், ஸ்டார்ட்டர் சுற்றுவதில்லை (கொரோல்லா 1.6 ஆட்டோ)

ஜெலுத்தோங்_வாசி கேட்டது:

வணக்கம். காடி டொயோட்டா கொரோல்லா ஏஈ101, 1.6, ஆட்டோ கியர். காலையில் சாவியைத் திருப்பினதும் எடுத்துக்கும். பாலம் தாண்டி பிறை வரைக்கும் ஓட்டி, பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் "டக்"னு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்கு மங்குறதில்லை. ஏழெட்டுத் தடவை திருப்பினா ஏதோ ஒரு தடவை சுற்றி எடுத்துக்கும். பேட்டரி என்எஸ்60, மாற்றி ஒரு வருஷம் ஆகலை. போமன் (பட்டறை மெக்கானிக்) ஸ்டார்ட்டரையே முழுசா மாற்றணும்னு சொல்றார். மாற்றுறதுக்கு முன்னாடி வீட்டிலேயே எதையாவது பார்க்க முடியுமா? மல்ட்டிமீட்டர் இருக்கு, 8 முதல் 19 வரை சாக்கெட் செட்டும் இருக்கு.

ஸ்பானர்14 பதில்:

முழு ஸ்டார்ட்டர் வேண்டியிருக்காது. அதுக்காக இப்பவே கழற்றவும் வேண்டாம். காடியில் இருக்கும்போதே மீட்டரை வைத்து அஞ்சு இடத்தில் பாருங்க.

சத்தத்திலேயே பாதி தெரிஞ்சிடும். "கட கட கட"ன்னு வேகமா அடிச்சா பேட்டரி இறங்கியிருக்கு, இல்லைன்னா பேட்டரி முனையில் பச்சை படிஞ்சிருக்கு. சத்தமே இல்லாம விளக்கு மட்டும் பளிச்சுன்னு எரிஞ்சா சாவி சுவிட்ச், ரிலே, ஆட்டோ கியருக்கு உள்ள பி/என் சுவிட்ச் (கியர் பி அல்லது என்-ல இருந்தாத்தான் ஸ்டார்ட் பண்ண விடுறது), இந்த மூணில் ஒண்ணு. கியரை என்-ல போட்டுத் திருப்பிப் பாருங்க, அதில் எடுத்தா பி/என் சுவிட்ச்தான். உங்களுக்கு ஒரே "டக்", விளக்கும் மங்கலை. அப்படின்னா சோலனாய்டு (ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்ச்) இழுக்குது, ஆனா மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரலை. உங்க மாடலில் வர்ற டென்சோ ஸ்டார்ட்டருக்கு இதுதான் வழக்கமான வியாதி: சோலனாய்டுக்குள்ள இருக்கிற இரண்டு செம்புத் துண்டும் தேய்ஞ்சு போறது.

ஊகத்தில் சாமான் வாங்காதீங்க. கியர் பி-ல, ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்து, ஒரு ஆளைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் மூணு வினாடிக்கு மேல வேண்டாம். கான்டாக்ட் சேராம சாவியைப் பிடிச்சிருந்தா சோலனாய்டின் இழுக்கும் காயிலில் கரண்ட் ஓடிக்கிட்டே இருந்து காயில் கருகிடும்.

1. பேட்டரி முனைக்கு முனை. சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேல வரணும், முழு சார்ஜில் 12.6. எஞ்சின் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. கறுப்பு, சிவப்பு புரோபை ஈய முனையிலேயே குத்துங்க, கிளாம்பில் இல்லை. கிளாம்புக்கும் முனைக்கும் நடுவிலேயே கோளாறு இருக்கலாம்.

2. பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரில் கனமான வயர் வந்து உட்காரும் போல்ட்டுக்கும் இடையில், சாவி திருப்பிய நிலையில். 0.5 வோல்ட்டுக்குள் இருக்கணும்.

3. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் இடையில். 0.3-க்குள்.

4. சின்ன ஒற்றை வயர் (எஸ் டெர்மினல்), ஸ்டார்ட்டர் உடம்புக்கு எதிரா. சாவி திருப்பும்போது 10 வோல்ட் பக்கம் வரணும். 8-க்குக் கீழே வந்தா சாவி சுவிட்ச் பக்கம் போங்க.

கடைசியா, மோட்டாருக்குள்ள நுழையும் பின்னல் வயர் ஏறியிருக்கிற போல்ட்டைப் பாருங்க, அதை சி டெர்மினல்னு சொல்வோம். "டக்" சத்தம் வந்தும் இங்கே ஒரு வோல்ட்கூட வரலைன்னா செம்புத் துண்டுதான், வேற யோசனையே வேண்டாம். 11, 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றலைன்னா பிரஷ், அதாவது சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் துண்டு.

நல்லா இருக்கும்போது எடுத்த அளவு எதுக்கும் உதவாது. மூணும் நாலும் முக்கியமா எஞ்சின் சூடா இருந்து மக்கர் பண்ணும்போது எடுக்கணும்.

கெப்போங்_வயர்மேன் பதில்:

சூட்டில் மட்டும் ஏன் வருதுன்னா, அதுக்குக் காரணம் செம்பு. ஒரு டிகிரி சூடு ஏறினா செம்பின் மின்தடை ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த காயில் 90-க்குப் போனா மின்தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடுது. அதனால கரண்ட் குறைஞ்சு, இழுக்கும் பலமும் குறையும். செம்புத் துண்டு தேய்ஞ்சிருந்தா பிளஞ்சர் (காயிலுக்குள்ள நகர்ற, முனையில் செம்புத் தட்டு இருக்கிற தண்டு) முழுசா உள்ளே போய் அழுத்தினாத்தான் தொடும். காலையில் தொடுது, மத்தியானம் ஒரு மயிரிழை தள்ளி நின்னுடுது. திரும்பத் திரும்பத் திருப்பும்போது தட்டு கொஞ்சம் திரும்பி உட்காரும், தேயாத ஓரம் வந்ததும் எடுத்துக்கும். உங்க ஏழெட்டுத் தடவைக் கணக்கு அதுதான்.

"கட கட" சத்தத்தையும் சொல்லிடறேன், பலர் அதைக் கேட்டதும் ஸ்டார்ட்டரைத்தான் குறை சொல்றாங்க. சோலனாய்டில் இழுக்க ஒரு காயில், பிடிச்சு வைக்க ஒரு காயில். கான்டாக்ட் சேர்ந்ததும் இழுக்கும் காயிலின் இரண்டு முனையிலும் ஒரே வோல்ட் வந்துடும், அதில் கரண்ட் நின்னுடும். அப்புறம் பிடிக்கும் காயில் மட்டும்தான். பேட்டரி பலமில்லைன்னா மோட்டார் கரண்ட் இழுத்ததும் வோல்ட் சரியும், பிடிப்பு விடும், கான்டாக்ட் பிரியும், வோல்ட் ஏறும், திரும்ப இழுக்கும். ஸ்டார்ட்டர் நல்லா இருந்தாலும் அந்தச் சத்தம் வரும்.

பினாங்குத் தீவில் இருக்கிறவங்க எர்த் வயரை அலட்சியம் பண்ணாதீங்க. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி மாதிரி கடலோரத்தில் நிறுத்துற காடிகளில் வயர் ரப்பருக்குள்ளேயே பச்சையாப் போயிருக்கும், வெளியே புதுசு மாதிரி தெரியும். மூணாவது அளவு 0.3-ஐத் தாண்டினா எர்த் வயர் இரண்டு முனையையும் கழற்றி, பெயின்ட் போகத் தேய்ச்சு, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்க. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு இன்னொரு வயர் போட்டாலும் நல்லது.

எஸ் டெர்மினலில் வோல்ட் குறைஞ்சா சாவி சுவிட்சை மாற்றத் தேவையில்லை, 40 ஆம்ப் நாலு கால் ரிலே ஒண்ணு போதும். பழைய எஸ் வயரை 86-ல, 85-ஐ பாடிக்கு, 30-க்கு பேட்டரியிலிருந்து 30 ஆம்ப் ஃபியூஸ் வழியா, 87-லிருந்து எஸ் டெர்மினலுக்கு. 30, 87 இரண்டுக்கும் 4 சதுர மி.மீ. வயர். பி/என் சுவிட்ச் பழைய வயரிலேயே இருக்கிறதால அதன் பாதுகாப்பு அப்படியே இருக்கும்.

சுத்தியலால் தட்டினா எடுக்கும்னு யாராவது வந்து சொல்வாங்க. எடுக்கும், ஒரு வாரத்துக்கு. காந்தம் ஒட்டின வகை ஸ்டார்ட்டரா இருந்தா உள்ளே காந்தம் விரிஞ்சு அப்புறம் ஒண்ணுக்கும் உதவாது. அதைவிட மோசம், ஓடுற எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிற பழைய வித்தை. வோல்ட் எகிறி ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) போயிடலாம். ஆல்டர்னேட்டரைப் பார்க்கணும்னா ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வைங்க, 13.8 முதல் 14.5 வரை இருந்தா சரி.

ஜெலுத்தோங்_வாசி:

சூட்டில் எடுத்த அளவு: பேட்டரி 12.5, சாவி திருப்பும்போது 12.1. பாசிட்டிவ் பக்கம் 0.05. எர்த் 0.04. எஸ் டெர்மினல் 11.2. சி டெர்மினல் 0.6. அப்போ செம்புத் துண்டுதானே அண்ணே? அதை மட்டும் மாற்றுறது எப்படி?

ஸ்பானர்14:

ஆமா தம்பி, சந்தேகமே இல்லை. அந்த 0.6 இழுக்கும் காயில் வழியா கசிஞ்சு வர்றது. பாசிட்டிவ், எர்த் இரண்டிலும் 0.05 அளவுக்குத்தான் இழப்பு, ஏன்னா கனமான கரண்ட் ஓடவே இல்லை. அதனால அந்த இரண்டு வயரும் நல்லதுன்னு இப்ப முடிவு பண்ணாதீங்க. வேலை முடிஞ்சு மோட்டார் சுற்றும்போது இன்னொரு தடவை அளக்கணும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. இதை விட்டுட்டு ஸ்பானர் வச்சா அந்தக் கனமான வயருக்கு நடுவில் ஃபியூஸ் கிடையாது, ஸ்பானரே பற்ற வச்ச மாதிரி ஒட்டிக்கும். பிறகு கனமான வயரின் நட், எஸ் வயரின் கிளிப், தாங்கும் இரண்டு போல்ட். போல்ட் பெரும்பாலும் 14 சாக்கெட், நீட்டு எக்ஸ்டென்ஷன் வேணும். கீழிருந்து வேலை செய்றதா இருந்தா ஸ்டாண்ட் வைங்க, ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் போகக் கூடாது.

வெளியே எடுத்ததும் பின்பக்கம் மூணு சின்ன போல்ட் போட்ட வட்ட மூடி தெரியும். அது இருந்தா துண்டு மாற்றலாம். சோலனாய்டு தனி உருளையா மேல உட்கார்ந்து, மூடி மடக்கி அடைச்சிருந்தா அது வேற வகை, பழைய புரோட்டான் வீரா, சாகா எல்லாம் அப்படித்தான். அதில் சோலனாய்டை முழுசா மாற்றணும்.

உங்களுக்கு மூடி வகை. மூடி மேல் பக்கம் பார்க்க நிமிர்த்தி வச்சுக் கழற்றுங்க. பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் கையோடு வரும். கியர் பக்கத்து நீள போல்ட்டைத் தொடாதீங்க, அதைப் பிரிச்சா உள்ளே இருக்கிற உருளைகளும் ஒரு இரும்பு குண்டும் கொட்டி, தரையில் தேடணும்.

உள்ளே இரண்டு செம்புத் துண்டு. பேட்டரி பக்கத்துத் துண்டுதான் முதலில் தேயும், நடுவில் படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். இரண்டும் ஒரே அளவு இல்லை. ஸ்டார்ட்டரின் கிலோவாட்டுக்கு ஏற்பவும் மாறும், அதனால பழசைக் கையில் எடுத்துக்கிட்டுப் போய் வாங்குங்க. இரண்டையும் சேர்த்தே மாற்றணும். கழற்றும்போது போல்ட்டில் எந்த வரிசையில் இன்சுலேட்டர், ஓ-ரிங், வாஷர் இருந்ததுன்னு போனில் படம் எடுத்து வைங்க. இன்சுலேட்டரை மாற்றிப் போட்டா போல்ட் உடம்பில் தொட்டு, பேட்டரியை மாட்டின நொடியே ஷார்ட்.

புதுத் துண்டைத் தளர்வா வச்சு, பிளஞ்சரை உள்ளே விட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிச்சபடி நட்டை இறுக்குங்க. அப்பத்தான் இரண்டு துண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒண்ணு உயர்ந்து நின்னா தட்டு ஒரு பக்கம் மட்டும் பட்டுப் பொறி பறக்கும், புதுத் துண்டும் சீக்கிரமே போயிடும். நிறைய பேர் "மாற்றியும் சரியாகலை"ன்னு சொல்றது இங்கேதான். இறுக்கும்போது துண்டு போல்ட்டோடு சேர்ந்து திரும்பாமப் பார்த்துக்கங்க. ரொம்ப இறுக்கினா பிளாஸ்டிக் விரியும்.

பிளஞ்சர் தட்டில் லேசான தழும்புன்னா சமமான இடத்தில் 400 மணல் தாளை விரிச்சு அதன் மேல தேய்ங்க. பள்ளம் ஆழமா இருந்தா பிளஞ்சரையும் மாற்றணும். கான்டாக்டில் கிரீஸ் தடவவே கூடாது. உள்ளே இருக்கிற கறுப்புத் தூளை உலர்ந்த துணியால் துடைச்சா போதும்.

காடியில் ஏற்றும் முன்னாடி வெளியிலேயே சோதிங்க. ஸ்டார்ட்டரைக் காலால் மிதிச்சுப் பிடிக்காதீங்க, வைஸில் பிடிங்க, கிளம்பும்போது துள்ளும். ஜம்பர் வயரில் நெகட்டிவ் உடம்புக்கு, பாசிட்டிவ் பெரிய போல்ட்டுக்கு, அங்கிருந்து ஒரு சின்ன வயரால் எஸ் டெர்மினலைத் தொடுங்க. பல்சக்கரம் வெளியே பாய்ஞ்சு சுற்றணும், வயரை எடுத்ததும் உடனே உள்ளே போகணும். 5 வினாடிக்குள் முடிச்சிடுங்க.

சுங்கைநிபோங்_பம்ப்:

இடையில் வர்றதுக்கு மன்னிக்கணும். வீட்டுத் தண்ணி பம்பு, அரை குதிரை சக்தி. சுவிட்ச் போட்டா "ம்ம்ம்"னு உறுமுது, சுற்றலை. இதுவும் ஸ்டார்ட்டர் மாதிரி ஏதாவதா?

கெப்போங்_வயர்மேன்:

உடனே சுவிட்சை அணைச்சிடுங்க, உறுமிக்கிட்டே விட்டா காயில் எரிஞ்சிடும். பம்புக்குப் போற பிரேக்கரையும் இறக்கிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றிக் கையால் சுற்றுங்க. இறுகிப் போயிருந்தா பேரிங் அல்லது உள்ளே துரு, கெபாசிட்டர் மாற்றி பிரயோஜனமில்லை. லேசா சுற்றினா கெபாசிட்டர்தான் முதல் சந்தேகம்.

கெபாசிட்டரைத் தொடும் முன்னாடி, பிரேக்கர் இறங்கியிருந்தாலும், இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 230 வோல்ட் குண்டு பல்பைப் பிடிச்சு சார்ஜை இறக்கிடுங்க. ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணாதீங்க. வயரைக் கழற்றி மீட்டரில் மைக்ரோஃபாரட் பாருங்க. மேல அச்சடிச்ச அளவும் அதோடு எத்தனை சதவீதம் முன்பின் போகலாம்னும் இருக்கும், பெரும்பாலும் 5. 16 போட்டிருந்து 9 காட்டினா முடிஞ்சது. புதுசில் மைக்ரோஃபாரட் அதேதான் இருக்கணும், வோல்ட் 450 ஏசி, குறையக் கூடாது. மைக்ரோஃபாரட்டைக் கூட்டிப் போட்டா பலம் கூடும்னு சில கடையில் சொல்வாங்க, துணைக் காயில்தான் சூடேறும். கோலாலம்பூர் பக்கம்னா புடு ஜாலான் பாசார் வரிசைக் கடைகளில் கிடைக்கும். நீங்க தீவில் இருக்கிறதால பக்கத்து மின்சாதனக் கடையில் பழசைக் காட்டிக் கேளுங்க. கெபாசிட்டர் நல்லா இருந்தா காயில், அதைச் சுற்றக் கொடுக்கிற செலவுக்குப் புதுப் பம்பே வந்துடும்.

ஜெலுத்தோங்_வாசி:

துண்டு இரண்டும் மாற்றியாச்சு. சூட்டிலேயும் முதல் திருப்பில் எடுக்குது. சுற்றும்போது பேட்டரி 10.6, பாசிட்டிவ் பக்கம் 0.2, எர்த் 0.45. பிரஷ்ஷையும் இப்பவே பார்க்கணுமா?

ஸ்பானர்14:

வேகமா சுற்றுதுன்னா பிரஷ்ஷை விட்டுடுங்க. எதுக்காகவாவது பிரிக்க நேர்ந்தா, புதுசின் நீளத்தில் பாதிக்கு மேல தேய்ஞ்சிருந்தா மாற்றுங்க. இப்போ பார்க்க வேண்டியது எர்த் 0.45. முன்னாடி மறைஞ்சிருந்தது கரண்ட் ஓடினதும் வெளியே வந்திருக்கு. எர்த் வயரைக் கழற்றித் தேய்ச்சு மாட்டியும் 0.3-க்குக் கீழே இறங்கலைன்னா 25 சதுர மி.மீ. செம்பு வயர், இரண்டு முனையிலும் லக் (போல்ட்டில் மாட்டுற வளையம்) அழுத்தி வாங்கிப் போட்டுடுங்க.