பேட்ச் ஜாப்: தொகுதிப்பணியா, ஈட்டுப்பணியா?

அன்பர்களே,
பல கணினிகளில் பணிகளைப் பகிர்ந்து ஓட்டும் ஸ்லர்ம் மென்பொருள் பற்றி முதுகலை மாணவருக்கான கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. கணு (நோடு, தனிக் கணினி), கொத்து (கிளஸ்டர், கணுக்களின் கூட்டம்) இரண்டிலும் சிக்கலில்லை. பேட்ச் ஜாப், கியூ, பென்டிங் (பணி இன்னும் தொடங்காத நிலை), வால்டைம் (பணி ஓடுவதற்கான நேர வரம்பு) நான்கும் தமிழ்ச்சொல் முடிவாகாமல் நிற்கின்றன. "எஸ்பேட்ச் கட்டளையால் ____ஐ ____இல் சேர்க்கவும்" என்ற, பணியைச் சமர்ப்பிக்கச் சொல்லும் வரி கோடிட்ட இடமாகவே இருக்கிறது.

மறுமொழி
தொகுதிப்பணி, வரிசை. படித்ததும் புரியும்.

மறுமொழி
தொகுதி வேண்டாம் ஐயா. அதே பக்கத்தில் மாட்யூலுக்கும் (தேவையான மென்பொருளை ஏற்றும் அலகு) தொகுதி என்றே இருக்கிறது. "முதல் ஈடு இட்லி" என்கிறோமே, அந்த ஈடுதான் பேட்ச். படு பாடானது போல, சுடு சூடானது போல இடு ஈடாயிற்று; முதனிலை திரிந்த தொழிற்பெயர். சப்மிட்டுக்கு 'இடு' தானாகக் கிடைக்கிறது. நிரலைத் துளையட்டையில் பதித்த காலத்தில் பலருடைய அட்டைக்கட்டுகளைச் சேர்த்து ஒருசேர ஏற்றினார்கள். தட்டு நிரப்பி மூடுவது போலத்தான். வைணவர்க்கு ஈடு என்றால் உரை, அடகுக்கடையில் பிணை. எல்லாம் இட்டு வைப்பதிலிருந்தே கிளைத்தவை.

மறுமொழி
வேர் சரி, உவமை பொருந்தவில்லை. இன்று எஸ்பேட்ச் வழி போகும் பணி ஒவ்வொன்றும் தனி. அர்ரேயில் (ஒரே நிரலைப் பல எண்களுக்கு ஓட்டும் பணித்தொடர்) 1-500%20 என்று கொடுத்தால் ஒரே நேரத்தில் 20 மட்டும் ஓடும். ஒன்று முடிந்ததும் அடுத்தது ஏறும், இருபதும் முடியக் காத்திராது. அது தோசைக்கல், இட்லிப்பானை அல்ல. பேட்ச் என்பதன் இன்றைய பொருள், விசைப்பலகை முன் ஆளில்லை என்பதே. நிரல் நடுவில் "ஆமா, இல்லையா?" என்று கேட்டால் பதில் வராது, உள்ளீடு இயல்பாகவே வெற்றுக்கோப்போடு இணைந்திருக்கும், பெரும்பாலும் அங்கேயே முறியும். ஆகவே ஒப்படைப்புப்பணி என்கிறேன்.

வரிசையும் தவறான எதிர்பார்ப்பைத் தரும். பெரிய பணிக்குக் கணுக்கள் சேரும் இடைவெளியில், அதன் தொடக்கம் தள்ளிப்போகாதபடி சிறு பணிகள் முந்தும். ரேஷன் கடையில் இது நடந்தால் சண்டை வரும்.

மறுமொழி
பென்டிங்குக்கு நிலுவை என்றால் பாக்கித் தொகை போல ஒலிக்கிறது. காத்திருப்பு போதும். பணிப் பட்டியலின் காரணப் பத்தியில் ரிசோர்சஸ் என்றால் கேட்ட கணுவோ நினைவகமோ இன்னும் காலியாகவில்லை. பிரயாரிட்டி என்றால் மேலே வேறு பணிகள் உள்ளன. டிபென்டன்சி நெவர் சாட்டிஸ்ஃபைடு மட்டும் வேறு: இது சார்ந்திருந்த முந்தைய பணி பெரும்பாலும் தோற்றிருக்கும், இது பொதுவாகத் தானாக ஓடாது. எஸ்கேன்சல் கட்டளையால் நீக்கி மீண்டும் இட வேண்டும்.

மறுமொழி
வால்டைமுக்குச் சுவர்நேரம் வேண்டாம், கெடு என்போம். 16 கோர் (செயலியின் கணிப்பு அலகு) கேட்டு ஒரு மணி கொடுப்பவர் 16 மணி ஓடும் என்று எண்ணுகிறார். கடிகாரத்தில் ஒரு மணிதான்; 16 கோர்-மணி என்பது பயன்பாட்டுக் கணக்கு. கெடு முடிந்தால் முதலில் நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் குறிப்பு, இயல்பு அமைப்பில் 30 வினாடி கழித்து உடனே முறிக்கும் சிக்கில். அதற்குள் இடைநிலையைச் சேமிக்காவிட்டால் அதுவரை ஓடியது வீண். பயந்து ஏழு நாள் கேட்டால் இடைவெளியில் நுழையும் வாய்ப்பு போய்விடும். கெடு என்ற சொல் இரண்டு பக்கமும் எச்சரிக்கிறது.

மறுமொழி
நேரமில்லை. தொகுதிப்பணி, வரிசை, காத்திருப்பு, கெடு என்றே அனுப்புகிறேன். மாட்யூலைக் கூறு என்று மாற்றிவிட்டேன். வரிசையில் முந்துவது பற்றி அடிக்குறிப்பு உண்டு. ஈட்டுப்பணியை, ஈட்டிய விடுப்போடு சேர்த்துப் படிப்பார்கள் என்று மூவர் சொன்னதால் விட்டேன்.

மறுமொழி
வீடு வீட்டுப்பணியாவது போலத்தான் ஈடு ஈட்டுப்பணியாகிறது. அங்கே யாரும் குழம்புவதில்லை. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன். 'இடு' என்பதையாவது சப்மிட்டுக்கு இப்போதே வையுங்கள்.