கடன் விஷயத்தில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நாள்: வடசென்னைக்காரர்கள் எழுதுங்கள்

வண்ணாரப்பேட்டை மகன்:

தீபாவளி நேரத்து எம்.சி. ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். எல்லாருக்கும் துணி எடுத்து பில் 7,640. கார்டைக் கொடுத்தேன், மெஷின் ஏற்கவில்லை. பையன் இன்னொரு முறை தேய்த்தான், அப்போதும் ஏற்கவில்லை. லிமிட் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா கேட்டார், "அதுல எவ்ளோ துட்டு போட்டு வெச்சிருக்க?"

"அதுல துட்டு இல்லம்மா. அது கடன்."

ஆறு வருஷமாக அந்தக் கார்டு என்னிடம் இருக்கிறது. கடன் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ எனக்கு எடுத்த பொடவ எல்லாம் கடனா?" என்று கேட்டுவிட்டு, பில்லிலிருந்து தன் புடவையைத் தானே எடுத்து மேஜை ஓரமாக வைத்தார். மீதிக்குத் தன் சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அந்தப் புடவையின் நிறம் இப்போதும் கண்ணில் நிற்கிறது, மாம்பழ மஞ்சள்.

பாக்கி 60,000. மாதம் 3,000 தவறாமல் கட்டுகிறேன், குறைய மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்தால் எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை இட்லிக் கடை:

தம்பி, கார்டு எனக்குத் தெரியாது. தண்டல் தெரியும். 10,000 எழுதினால் கையில் 8,500, தினம் 100, நூறு நாள். ரயில்வே கேட் பக்கம் கடை போடுகிற எங்களில், தினம் கட்டுவதைக் குறிக்கும் அந்தத் தண்டல் அட்டை இல்லாத வீடு குறைவு.

என் மாமனார் இறந்த அன்று எனக்குத் தொண்ணூற்று நாலாவது நாள். வாசலில் ஷாமியானா, மேளம். தண்டல்காரர் வந்தார். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து மாலை போட்டார். அவர் மரியாதையில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஓரமாக நின்றார். நானே போய் நூறு ரூபாய் கொடுத்தேன். அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இன்னும் ஆறு நாள்தான்க்கா. செலவு இருக்குமே, புதுசா எழுதிக்கலாமா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. உள்ளே பெரியவரைக் கிடத்தியிருக்கும்போது நான் யோசிக்காமல் தலையாட்டினேனே, அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

அந்தப் புதுத் தண்டல் முடிந்த மறுநாளும் பழக்கத்தில் காலையிலேயே நூறு ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். வாங்கிப்போக ஆள் வரவில்லை. பருப்பு டப்பாவில் போட்டேன். தினமும் போட்டேன், மழை நாளில் ஐம்பது. நூறு நாளில் 9,000 சொச்சம். அரிசிக்கும் உளுந்துக்கும் அதிலிருந்தே எடுத்து அதிலேயே திருப்பிப் போடுகிறேன். மூன்று வருஷமாகத் தண்டல் வாங்கவில்லை. அது வருஷத்துக்கு 60 சதவீத வட்டிக்கு மேல் வரும் என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள், நம்பவே முடியவில்லை.

பெரம்பூர் ஐசிஎஃப், ஓய்வு:

சகோதரி, மகள் கணக்கில் ஒரு திருத்தம். 60 இல்லை, ஏறக்குறைய 120. 8,500 ரூபாயை நூறு நாளும் கையில் வைத்திருந்து கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால்தான் 60 சொச்சம். நீங்கள் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். பாதி நாள் போனபோது அவர்கள் பணம் உங்களிடம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும், வட்டியை மட்டும் முழுத் தொகைக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டார்கள்.

வண்ணாரப்பேட்டைத் தம்பிக்கும் சொல்கிறேன். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 60,000க்கு வட்டி 2,100. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. நீங்கள் கட்டும் 3,000ல் அசலுக்குப் போவது 522 ரூபாய்தான். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லா நாள்கள் கிடையாது. முதல் வேலை, கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். இரண்டாவது, வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்துக் கார்டை ஒரே அடியாக அடையுங்கள். நகைக் கடன் வட்டி கார்டு வட்டியில் கால் பங்கு அளவில்தான் வரும். மூன்றாவது, கடன் முடிந்ததும் கட்டிவந்த தொகையை வீட்டுச் செலவில் கலக்க விடாதீர்கள். அடுத்த மாதமே அஞ்சலகத்தில் ஐந்து வருஷ ஆர்.டி. போடுங்கள், மாதாமாதம் கட்டும் சேமிப்பு அது, மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். அது பழகியபின் பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதி, 15 வருஷம். எடுக்கக் கஷ்டமாக இருப்பதுதான் அதன் நல்ல குணம். ஏலச்சீட்டு போடுவதானால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்த்துப் போடுங்கள்.

என் கதை சின்னது. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்தேன். செட்டில்மென்ட் தாளைப் பிரித்தால் கூட்டுறவுச் சங்கக் கடன் 3,80,000 பிடித்திருந்தார்கள். மூன்று முறை வாங்கிய கடன். இரண்டு எதற்கென்று நினைவிருந்தது. மூன்றாவதை எதற்கு வாங்கினேன் என்று மாலையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து யோசித்தேன், ஞாபகம் வரவே இல்லை.

காசிமேடு போட்:

ஐயா, மாசாமாசம் சம்பளம் வருகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாளில் ஆர்.டி.யை எதிலிருந்து கட்டுவது? அப்புறம், நகையை வைக்கச் சொல்லாதீர்கள். வட்டி குறைவுதான், எனக்கும் தெரியும். ஆனால் வைத்துப் பழகிய கை நிற்காது.

வருஷா வருஷம் மே முதல் வாரத்தில் மனைவியின் நாலு சவரன் செயின் அடகுக் கடைக்குப் போகும். ஒரு வருஷம் மகளும் கூட வந்தாள். கடைக்காரர் டிராயரைத் திறந்து போன வருஷக் கவரையே எடுத்தார். என் பெயரும் எடையும் அதில் எழுதியிருந்தது. "அதே செயின்தானே" என்று கேட்டுவிட்டு, நிறுக்காமலே உள்ளே போட்டார். மகள் அந்தக் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

பத்து மாச வருமானத்தில் பன்னிரண்டு மாசம் சாப்பிட வேண்டும். அப்படியானால் ஆறில் ஒரு பங்கு இன்றைய பணமே இல்லை. கரை இறங்கிப் பங்கு 6,000 வந்தால், 1,000 நேராக மனைவி பெயரில் ஏடிஎம் கார்டு வாங்காத கணக்குக்குப் போகிறது. முதல் வருஷம் பாதியில் விட்டோம், இரண்டாவது வருஷம் நின்றது. இந்த மே மாசம் கவர் கடையில்தான் இருந்தது, செயின் வீட்டில் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இட்லிக் கடை அக்காவின் டப்பாதான் சரி ஐயா.

மூலக்கடை டெலிவரி:

ஆப் கடன் 5,000, கைக்கு வந்தது 3,600, ஏழு நாள் தவணை. எட்டாம் நாள் என் பத்தாம் வகுப்புக் கணக்கு சாருக்குப் போன் போட்டு என்னைத் திருடன் என்றிருக்கிறார்கள். அவர் நம்பர் என் போனில் இருந்தது, அவ்வளவுதான். சார் உடனே என்னைக் கூப்பிட்டார். "சாப்ட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடன் ஆப்கள் நம் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். சாரை இன்னும் நேரில் போய்ப் பார்க்கவில்லை.

வண்ணாரப்பேட்டை மகன்:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். பெரம்பூர் ஐயா சொன்ன 522ஐ அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா வளையலைக் கழற்றப் போனார், வேண்டாம் என்றேன். காசிமேடு அண்ணன் சொன்ன கவர்தான் நினைவுக்கு வந்தது. கார்டை நறுக்கிவிட்டேன். வாரக் கடைசி ஓட்டலை நிறுத்தி, ஞாயிறு ஓவர்டைமும் பார்த்து மாதம் 8,000 கட்டுகிறேன். கட்டிய அன்று பாக்கி எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது.

நேற்று 36,505 என்றேன்.

"போன மாசம் நாப்பத்திரெண்டு சொன்ன" என்றார் அம்மா.