ஒரே குக்கரில் ராத்திரி சாப்பாடு: ஏன் அடிப்பிடிக்கிறது?

முலுண்ட்_அம்மா:

வணக்கம். மும்பையில் முலுண்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆபீஸ் ஃபோர்ட்டில். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் ரயில் பிடித்து வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழே முக்கால் ஆகிவிடும். எட்டரைக்குள் சின்னவனுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சோபாவிலேயே தூங்கிவிடுவான்.

சமைப்பது எனக்குப் பாரமில்லை. அதற்கப்புறம் சிங்கில் கிடப்பதுதான் பாரம். பாத்திரம் தேய்க்கும் பாயி காலையில் மட்டும்தான் வருகிறார். எங்கள் கட்டடத்தில் தண்ணீரும் காலையில் ஒன்றரை மணி நேரம்தான். ராத்திரிக்கு டிரம்மில் பிடித்து வைத்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சாம்பார், ரசம், ஒரு பொரியல் என்று வைத்தால் குக்கர், உள்ளே வைக்கும் அடுக்குகள், வாணலி, தாளிப்புக் கரண்டி, மூடிகள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்ததில் 9 உருப்படி, தட்டுகள் சேர்க்காமலே. தேய்க்காமல் விட்டால் கரப்பான் வருகிறது. தேய்த்தால் படுக்கப் பதினொன்று.

அதனால் வார நாட்களில் ஒரே குக்கர்தான் என்று முடிவு செய்தேன். போன செவ்வாய்க்கிழமை தக்காளி சாதம். இரண்டு வெங்காயம், நான்கு தக்காளி, கெட்டியாக வதக்கி, கோலம் என்ற ரக அரிசி 2 கப், தண்ணீர் 4 கப் விட்டு மூடினேன். பத்து நிமிடமாகியும் விசில் வரவில்லை, கருகல் வாசனைதான் வந்தது. திறந்தால் மேலே அரிசி விதை விதையாக, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு. பிள்ளைகளுக்குப் பிரெட்டும் பாலும் கொடுத்துப் படுக்க வைத்தேன். அந்தக் குக்கரைச் சுரண்ட அரை வாளித் தண்ணீர் போயிற்று.

ஏன் இப்படிப் பிடித்தது? அப்புறம் மிக்ஸியோ தனித் தாளிப்போ இல்லாமல், பிள்ளைகளும் மாமியாரும் ஒன்றாகச் சாப்பிடக்கூடியதாக என்ன செய்யலாம்? அவருக்குக் காரம் ஆகாது. என்னிடம் இருப்பது 5 லிட்டர் அலுமினியக் குக்கர்.

செம்பூர்_கோவைக்காரி:

முதலில் காஸ்கெட்டைப் பாருங்கள். விசில் வராமல் மூடியின் ஓரமாக ஆவி கசிந்திருந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. நீங்கள் விட்ட தண்ணீர் அந்த வழியாகவே போய்விடும், அப்புறம் பிடிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது, அந்தத் தக்காளித் தொக்கு. கெட்டியான மசாலா அடியில் ஒட்டியிருக்க, அதன்மேல் அரிசியைக் கொட்டினால் தண்ணீர் கீழே இறங்கிக் கொதிக்க வழியில்லை. ஆவி கட்டுவதற்கு முன்பே அடி கருகிவிடும். வதக்கியதும் தண்ணீரை முதலில் விடுங்கள். மரக் கரண்டியால் அடியை ஒரு சுற்று சுரண்டுங்கள். பழுப்பாக ஒட்டியிருப்பதெல்லாம் கரைந்து தண்ணீரின் நிறமே மாறும், ருசியும் அதில்தான் இருக்கிறது. நன்றாகக் கொதித்த பிறகு அரிசி, உப்பு, மூடி. இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

என்ன செய்வது என்றால், எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதம். கோவைப் பக்கம் இது வீட்டுக்கு வீடு நடக்கும் சாப்பாடு. ஐந்து பேருக்கு: அரிசி 2 கப், துவரம்பருப்பு அரை கப். வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊறப்போட்டுவிட்டு முகம் கழுவப் போங்கள், இருபது நிமிடம் போதும். மாமியார் ஏழரைக்கே போட்டு வைத்தால் இன்னும் நல்லது. குக்கரில் எண்ணெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை, ஒரு வரமிளகாய், தட்டிய பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் பதினைந்து. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் ஒரே ஒரு தக்காளி, மஞ்சள்தூள், சாம்பார் பொடி அரை ஸ்பூன். எங்கள் வீட்டில் ஒன்றரை ஸ்பூன் போடுவோம், உங்கள் மாமியாருக்காகக் குறைத்துச் சொல்கிறேன். தண்ணீர் பொன்னி அரிசிக்கு ஏழரை கப். கோலத்துக்கு ஆறரை போதும், புது அரிசியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். மிதமான தீயில் 3 விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் ஒரு ஸ்பூன் நெய்.

சின்ன வெங்காயம் மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உரித்து, ஈரமில்லாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் வாரம் ஓடிவிடும். உரிக்கும் வேலையைச் செவ்வாய் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. பருப்பு போடும்போது குக்கரைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது. பருப்பு நுரைத்து விசில் வழியாகப் பீய்ச்சினால் அடுப்பு, சுவர், மூடி எல்லாம் துடைக்க வேண்டி வரும். ஒரு பாத்திரத்தில் சமைத்த பலனே போய்விடும். மேலே சொன்ன அளவு 5 லிட்டரில் பாதிக்குக் கீழேதான் நிற்கும். எண்ணெய் இருப்பதால் நுரையும் அடங்கும்.

காட்கோபர்_சமையல்:

எங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் என்னுடையது. மாமியார் ராத்திரியில் அரிசி வேண்டாம் என்பவராக இருந்தால் கோதுமை ரவைக் கிச்சடி செய்து பாருங்கள். இங்கே கடையில் தலியா என்று கேட்க வேண்டும். ஒரு கப் தலியாவை நெய்யில் வாசம் வர வறுத்து, அரை கப் பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய சுரைக்காய், இஞ்சி, சீரகம், தண்ணீர் ஐந்து கப், 3 விசில். ஊறவைக்கத் தேவையில்லை. ஆறினால் இறுகும், வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

மாட்டுங்கா_பாட்டி:

சாம்பார் சாதமும் ஒரே குக்கரில் வரும் கண்ணு, ஆனால் புளியை முதலில் விடாதே. புளிப்பு பட்டால் பருப்பு வேகாமல் நிற்கும். குக்கரைத் திறந்த பிறகு புளிக்கரைசலை விட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிடு.

தொட்டுக்கொள்ள இன்னொரு வாணலியை எடுக்காதே. அப்பளத்தைத் தணலில் சுடு. வெள்ளரிக்காயை நறுக்கித் தட்டிலேயே வை. தயிரை உறை ஊற்றிய கிண்ணத்திலிருந்தே பரிமாறு. குக்கரையே மேஜைக்குக் கொண்டுவந்துவிடு, யார் என்ன சொல்லப் போகிறார்கள்? எல்லோருக்கும் போட்டு முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார். காய விட்டால்தான் தேய்க்கக் கஷ்டம். 2024 ஜூனில் ஏரிகளில் தண்ணீர் இறங்கி நகரம் முழுக்க 10 சதவீதம் குறைத்தார்களே, அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடியது.

முலுண்ட்_அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காஸ்கெட்தான். கையில் எடுத்துப் பார்த்தால் ரப்பர் கல் மாதிரி இறுகி, ஒரு இடத்தில் வெடித்திருந்தது. வெள்ளிக்கிழமை ஸ்டேஷன் பக்கத்துப் பாத்திரக் கடையில் புதிது வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே அரிசியும் பருப்பும் சாதம். கோலம் அரிசி, ஆறரை கப் தண்ணீர். அடியைச் சுரண்டியபோது அக்கா சொன்ன மாதிரியே தண்ணீர் பழுப்பாக மாறியது. மூடியதிலிருந்து ஏழாவது நிமிடம் முதல் விசில். எட்டு இருபதுக்குச் சின்னவன் தட்டோடு உட்கார்ந்துவிட்டான். பூண்டை மட்டும் ஒதுக்கினான், அடுத்த தடவை நசுக்கிப் போடுகிறேன். மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சிங்கில் குக்கர், மூடி, ஒரு கரண்டி, தயிர்க் கிண்ணம், 5 தட்டு. தண்ணீர் ஊற்றப் போனபோது குக்கர் அடியில் பொன்னிறமாக மெல்லிய தோல் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. கரண்டியால் தள்ளியதுமே கழன்று வந்துவிட்டது. அதை யார் தின்பது என்று பெரியவளும் அவனும் சண்டை போட்டு, கடைசியில் பாட்டி பாதிப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தார்.