சிரியஸ் பி கண்ணில் படவில்லை: 8 அங்குலத் தொலைநோக்கி போதாதா?

கார்த்திகைவிளக்கு:
வணக்கம். என்னுடையது 8 அங்குல விட்டமுள்ள கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி, குவியத் தூரம் 1200 மி.மீ. 10 மி.மீ. கண்ணருகு லென்ஸுடன் உருப்பெருக்கத்தை 2 மடங்காக்கும் பார்லோ லென்ஸும் சேர்த்து, 240 மடங்கு உருப்பெருக்கத்தில் சிரியஸ் விண்மீனைப் பார்க்கிறேன். துளைக்கும் வெளிச்சமும் அதிலிருந்து நீளும் நான்கு ஒளிமுட்களும்தான் தெரிகின்றன. அதன் துணை விண்மீனான சிரியஸ் பி-யைக் காணோம். நிலவு வடிகட்டி போட்டும் பயனில்லை. இரண்டுக்கும் இடையே 11 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) இருக்கிறதாம். அதைவிட நெருக்கமான ஜோடிகளை இதே கருவி அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. இது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

வடமீன்:
1862-இல் ஆல்வன் கிரகாம் கிளார்க் அதை முதன்முதலில் கண்டது 18.5 அங்குல லென்ஸில். 8 அங்குலத்தை வைத்துக்கொண்டு ஆசைப்படலாம், அவ்வளவுதான். பெரிய கருவிக்கு மாறுங்கள்.

பட்டறைக்காரன்:
அவசரப்பட்டுப் பணத்தை இறைத்துவிடாதீர்கள். 8 அங்குலத்திலும் சிறியவற்றிலும் பலர் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் இடைவெளியில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. சிரியஸ் துணையைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு பிரகாசம். வடிகட்டி இரண்டையும் ஒரே விகிதத்தில் மங்கவைக்கும் என்பதால் அதைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் ஓரியன் மண்டலத்து ரைஜெல் விண்மீனைப் பாருங்கள். அதன் துணை 9.5 விகலை தள்ளி இருக்கிறது. பிரகாச வேறுபாடும் குறைவு. அதுவே தெரியாவிட்டால் கொலிமேஷன் (கண்ணாடிகளின் நேரமைப்பு) பிசகியிருக்கும், அல்லது கண்ணாடி இன்னும் குளிர்ந்திருக்காது. இரண்டையும் சரிசெய்யாமல் சிரியஸ் பக்கம் போக வேண்டாம். சிரியஸ் வானில் உச்ச உயரத்தை எட்டும் வேளையே நல்லது. அதிலும் காற்று நிலையாக இல்லாத இரவானால் எந்த வித்தையும் பலிக்காது.

அந்த நான்கு முட்கள் துணைக்கண்ணாடியைத் தாங்கும் தகடுகளால் வருபவை. துணை ஒரு முள்ளின் மேல் அமர்ந்துவிட்டால் போச்சு. தடித்த அட்டையில் அறுகோணத் துளை வெட்டிக் குழாயின் வாயில் பொருத்துங்கள். வெளிச்சம் ஆறு முட்களாக ஒதுங்கும், நடுவே இருண்ட இடைவெளிகள் கிடைக்கும். துணை அப்படியோர் இடைவெளியில் விழும்வரை அட்டையை மெல்லத் திருப்புங்கள். அட்டை விளிம்பு பிசிறில்லாமல் இருக்கட்டும்.

வடமீன்:
அட்டை வெட்டுவதால் இருக்கும் 8 அங்குலமும் குறைகிறதே?

பட்டறைக்காரன்:
குறையும்தான். ஆனால் இங்கே பற்றாக்குறை ஒளியில் இல்லை ஐயா. தவிர, காலமும் நம் பக்கம். இந்த ஜோடி ஒன்றையொன்று சுற்ற 50 ஆண்டுகள் ஆகும். 1990-களின் தொடக்கத்தில் இடைவெளி 3 விகலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. 2020-களில்தான் அகன்று நிற்கிறது.

கார்த்திகைவிளக்கு:
நன்றி. ரைஜெலின் துணை ஊசிமுனைபோலத் தெளிவாகத் தெரிகிறது. அட்டை போட்டபின் சிரியஸின் அருகிலும் ஒரு மங்கலான புள்ளி வந்து வந்து மறைகிறது. இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

பட்டறைக்காரன்:
இன்னும் இல்லை. சிரியஸைப் பார்வைப் புலத்தின் நடுவிலிருந்து சற்றே விலக்கிப் பாருங்கள். லென்ஸுக்குள் எதிரொளித்து உண்டாகும் போலிப் பிம்பம் பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடும். துணை சிரியஸோடு ஒட்டியே நகரும். அடுத்து, குழாயைத் தொடாமல் சிரியஸை மேற்கு விளிம்பைத் தாண்டி நழுவ விடுங்கள். துணை கிழக்குப் பக்கம் பின்தொடர்வதால், சிரியஸ் மறைந்தபின் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் அது மட்டும் உள்ளே தங்கும். ஓரத்தில் பிம்பத்தைச் சிதைக்கும் மலிவான கண்ணருகு லென்ஸில் இது எடுபடாது. ஒவ்வொரு முறையும் புள்ளி அதே பக்கம் தெரிந்தால் தயங்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.